கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரி

நம் சங்கத்தின் ஆண்டு விழாக்களிலும் குடும்பக் கூட்டங்களிலும் பழம்பெருமை பேசப்படுங்கால் கொடும்பாளூர் வேளிர் பெயர் எடுக்கப்படாதிருத்தல் அரிது. அவருள்ளும் பூதி விக்கிரமகேசரி என்னும் தலைவன் பெயரே பெரிதும் எடுத்தோதப்படுகின்றது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் நவீனத்தில் அவன் பெரிய வேளாராக உலவுதலின், வரலாறு பயிலாத இல்லத்துச் சிறுவரும் சிறுமியரும்கூட அவனை அறிவர். ஆயினும் கதையில் வரும் வேளார் வேறு. கல்லில் வரும் வேள் வேறு. கல் கூறுவனவற்றைக் கொண்டு அவன் வரலாற்றைச் சுருங்க உரைத்தலும், பேரரசுக்கும் அதனுட்பட்ட நாட்டரசுக்கும் அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதனை அவன் வாழ்வு கொண்டு ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். டில்லிக்குரியன யாவை, சென்னைக்குரியன யாவை என்னும் வழக்கு நாடோறும் பேசப்படும் இக்காலத்தில், ஆயிரம் ஆண்டுகட்கு முன் அவ்வழக்கின் நடுவே வாழ்ந்த ஒருவனைப்பற்றி அறிதல் பயனுடைத்தாம்.

கொடும்பாளூர் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்குத் தெற்கே உளது. இக்காலத்து அது சிற்றூரே. ஆனால் அதன் பழமை மிகப் பெரிது. சிலப்பதிகாரத்துள் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் கூறும் வழிகள் மூன்றும் கொடும்பாளூர்க் குளக்கரையினின்றே, சிவபெருமான் ஏந்திய சூலம்போலப் பிரிகின்றன. ஊரினும் குளமே முன்னர்ச் சொல்லப்படுதல் நோக்கத்தக்கது. ஆறு பாய்ந்து வளம் செய்யாத அந்நாட்டில் வானத்து நீரைத் தேக்கி வைத்தவனே அரசன். கோனாடு எனப்படும் அந்நிலப்பகுதிக்கு வடக்கே காவிரி பாயும் சோழநாடும், தெற்கே வையை பாயும் பாண்டிநாடும் இருந்தன. இரண்டு பேரரசுகட்கும் இடையில், இரண்டின் படைகளும் கடந்து செல்ல வேண்டிய வழியில், கோனாட்டு வேளிர் அமர்ந்திருந்தனர். அவர்தம் வலிமைக்கும் இடர்ப்பாட்டிற்கும் காரணம் இவ்விருப்பிடமே என்க.

இவ்வேளிர் இருக்குவேள் என்னும் பெயரினர். கபிலர் காலத்து இருங்கோவேளின் வழியினர் இவர் என அறிஞர் சிலர் கருதுவர். துவரையிலிருந்து வந்த குடியென அக்காலத்து வேளிர் பாடப்பெற்றமையும், கொடும்பாளூர்க் கல்வெட்டில் இவர் தம்மை யதுகுலத்தினராகக் கூறிக்கொள்ளுதலும் அக்கருத்திற்குத் துணையாவன. அறுபான்மும்மை நாயன்மாருள் ஒருவராகிய இடங்கழி நாயனாரும் இக்கொடும்பாளூரை ஆண்ட வேளிர் குலத்தவரே. அடியார்க்கு அமுதூட்டப் பொருளின்றி அரண்மனைப் பண்டாரத்து நெல்லைக் களவுசெய்து பிடிபட்ட ஒருவரது உள்ளத்தை அறிந்து, அவரை விடுத்ததோடு அமையாது, தம் நெற்பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்டவர் அவர் எனச் சேக்கிழார் கூறுகின்றார். தன் பண்டாரத்தைத் தானே திறந்துவிடும் உரிமையுடையவன் எவனோ அவனே ஆள்வோன் ஆவான். பூதியின் வரலாற்றிலும் இவ்வுரிமையே முதன்மையாக வைத்து எண்ணற்பாலது.

பூதியின் வரலாற்றை அறிதற்குப் பெருங்கருவியாவது மூவர் கோயிற் கல்வெட்டு. கோயிலின் நடுத்தளியில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்களாக அது பொறிக்கப்பட்டுளது. தொடக்கம் சிதைந்தமையின் குல முதல்வன் பெயர் மறைந்தது. எஞ்சிய பகுதி தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை அடுக்கிச் செல்கின்றது. பாம்புகளிடையே வளர்ந்தவன் எனப்படும் நிருபகேசரியும், வாதாபியை வென்றவன் எனப்படும் பரதுர்க்கமர்த்தனனும், அதிராசமங்கலத்துப் போரில் சளுக்கியைக் கொன்ற சமராபிராமனும் அவருட் சிலர். சமராபிராமன் சோழ அரசன் மகளாகிய அநுபமை என்பாளை மணந்தான். இவ்விருவர்க்கும் பிறந்தவனே பூதி. விக்கிரமகேசரி என்பது அவனது மற்றொரு பெயர். ஆகவே நம் தலைவன் தந்தை வழியில் கொடும்பாளூர் வேள். தாய் வழியில் சோழர் பெயரன். அதிகாரப் பங்கீடு அவனுக்குப் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

அவன் காலத்தைப்பற்றி ஆராய்ச்சியாளர் இரு திறத்தராவர். காவிரிக் கரையில் அவன் பல்லவர் படையை வென்று ஆற்றுநீரைச் செந்நீராக்கினான் எனக் கல்வெட்டுக் கூறுதலின், பல்லவராட்சி முடிவெய்திய ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதல் ஆதித்த சோழன் காலத்தவன் அவன் என்பர் ஒரு சாரார். அவன் வீரபாண்டியனை வென்றான் எனவும் அக்கல்வெட்டே கூறுதலின், பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வீரபாண்டியனொடு பொருத சுந்தர சோழன் காலத்தவன் என்பர் மற்றொரு சாரார். கல்கி அவர்கள் கதை புனைந்தது இரண்டாவது கொள்கையைத் தழுவியேயாம். வஞ்சிவேள் என்பானை அவன் கொன்றதும் கல்வெட்டிற் கூறப்படுகின்றது. எக்காலத்தவனாயினும் அவன் செய்த போர்களின் பயன் ஒன்றே. வடக்கே பல்லவர் தளர்ந்தாலும் தெற்கே பாண்டியர் தளர்ந்தாலும் வளர்ந்தது சோழர் ஆட்சி.

இனி, பேரரசர்க்கு வேளிர் கொடுத்தன யாவை, தமக்கென வைத்துக்கொண்டன யாவை என்பவற்றை ஆராய்வாம்.

கொடுத்தவற்றுள் முதலாவது படை. இரண்டாவது வழி, கொடும்பாளூர்ப் பெருவழி பகைவர் கையிற் சென்றால் சோழர்படை மதுரையை அணுகுதல் அரிதாம். மூன்றாவது பெயர். தென்னவன் என்பது பாண்டியரைக் குறிப்பது. செம்பியன் என்பது சோழரைக் குறிப்பது. இருக்குவேளிர் தென்னவன் இளங்கோவேள் என்றும் செம்பியன் இருக்குவேள் என்றும் இரு வகையாலும் கல்வெட்டுக்களில் வழங்கப்பெறுகின்றனர். பூதி தன் தேவி கற்றளியினிடம் பெற்ற மக்கள் இருவர்க்கும் பராந்தகன், ஆதித்தவர்மன் எனச் சோழர் பெயர்களையே சூட்டினான். நான்காவது மணவுறவு. சோழர் மகள் கொடும்பாளூர் புகுந்தமை மேலே கூறினாம். அவ்வாறே தென்னவன் இளங்கோவேளின் மகள் பூதி ஆதிச்ச பிடாரி என்பாள், முதற் பராந்தகன் மகன் அரிகுலகேசரிக்குத் தேவியாகித் திருச்செந்துறையில் கற்றளி எடுப்பித்தாள்.

வைத்துக்கொண்டன யாவையெனின், அவற்றை மூவர் கோயிலே காட்டும். வெற்றிக்குப்பின் பூதி தன் பெயரால் ஒன்றும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயரால் இரண்டும் ஆக மூன்று தளிகள் எடுப்பித்துச் சிவபெருமானை எழுந்தருளுவித்தான். பின்னர்ப் பெரியதொரு மடம் அமைத்து, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் தவமுனிவர்க்கு அதனை வழங்கினான். அவர் வித்தியாராசி, தபோராசி என்போர்தம் மாணவர், வேதங்களிற் பயின்றவர். அம்மடத்தில் ஐம்பது தவசியர் உண்டு உறைதற்கும், இறைவன் வழிபாட்டிற்கும் பதினோரு ஊர்களை அவன் கொடுத்தான். பாண்டியனொடு பொருதவன், பாண்டியர் தலைநகரத்து முனிவரைத் தன் ஊருக்கு அழைத்து வணங்கினான் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. போர் பேரரசின் பொருட்டு. அறம் அவனது விருப்பின்பாற்பட்டது.

மற்றொன்று இதனினும் சிறந்தது. இக்கல்வெட்டில் சோழ மன்னர் எவருடைய ஆட்சியாண்டும் இல்லை. கொடைக்குச் சோழர் ஆணை பெற்றதாகவும் கூறப்படவில்லை. பதினோரு ஊர்களின் வருவாயைத் தன் சொல்லால் ஒதுக்கும் உரிமை அவனிடம் இருந்தது. வரி வாங்கவும், வாங்கிய வரியை இன்னதற்கெனச் செலவிடவும் உரிமையுடையார் எவரோ அவரிடமே ஆட்சி உளது என்பது எக்காலத்திற்கும் ஒத்த உண்மை. பூதிக்கு அவ்வுரிமை நிறைந்திருந்தது. அவனுக்குக் கீழே ஊரார் கையிலும் ஒரு பங்கு இருந்தது. ஏரி காத்தல், குமிழி செப்பனிடல், ஊர்நிலங்களைக் கண்காணித்தல் முதலியன பேரரசனும் செய்வதில்லை, வேளும் செய்வதில்லை. ஊரவையும் நாட்டாரும் செய்தனர். 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை கொண்டு வாரியம் அமைத்தமை நம்மவர் பலரும் அறிந்தது. எனவே அக்காலத்து அதிகாரம் ஊர், நாடு, பேரரசு என மூன்று படியாக நின்றது.

இவ்வேற்பாடு நெடுங்காலம் நிலைத்ததோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். சுந்தர சோழன் ஆட்சியில் கொடும்பாளூர்ச் சிறிய வேளார் சோழர் படைக்குத் தலைமை பூண்டு ஈழம் சென்று, அவ்வரசனது ஒன்பதாம் ஆட்சியாண்டில் அங்கே போரில் உயிர் துறந்தார். கோனாட்டுக் குளக்கரையில் தொடங்கிய நட்பு, கோனாட்டிற்கு யாதொரு தொடர்பும் இல்லாத கடல்கடந்த போர்க்களத்தில் அக்குடியின் குருதியை வேண்டி நின்றது. பின்னர் 985 இல் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். 1001 இல் நாடு முழுதும் நிலம் அளக்கப்பெற்றது. பழைய நாடுகள் சோழர் பட்டப்பெயர் தாங்கிய வளநாடுகளுள் அடக்கப்பெற்றன. கல்வெட்டுக்களின் முகப்பில் இராசராசனது மெய்க்கீர்த்தி இடம் பெறலாயிற்று. அவனது 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஓரூரைக் கொடுத்த செப்பேட்டினை நோக்குவார்க்கு இம்மாற்றம் நன்கு விளங்கும். அரசன் திருவாய் மலர்ந்தருளியது முதல் ஓலை எழுதியது, வரிப்புத்தகத்திற் பதிந்தது ஈறாக அதிகாரிகள் பலர் பெயர் ஆங்கு வரிசையாக வருகின்றன. முன்னர் ஒரு வேள் தன் சொல்லால் பதினோரு ஊர்களைக் கொடுத்தான். பின்னர் ஓரூர் கொடுத்தற்கு ஒரு திணைக்களமே வேண்டியதாயிற்று.

இராசராசன் காலத்திற்குப்பின் இருக்குவேளிர் தனியாட்சியினராகத் தோன்றுதல் பெரும்பாலும் இல்லை. அவரைச் சோழர் போரில் வென்று அழித்ததாக யாதொரு செய்தியும் இல்லை. பகையால் அழியாதவர் நட்பினுள் கரைந்தனர். இஃது ஏன் நிகழ்ந்தது?

அவர்தம் பங்கிற்கு மூன்று காவல்கள் இல்லாமையே காரணம் என்பது நம் கருத்து. முதலாவது, எழுத்து இல்லை. இன்னது சோழர்க்கு, இன்னது வேளிர்க்கு என வரையறுத்த சாசனம் ஒன்றும் இல்லை. மணமும் நன்றியுமே சாசனமாக நின்றன. சோழர்க்கு வேளிர் வேண்டியிருந்தவரையில் அச்சாசனம் செல்லுபடியாயிற்று. இரண்டாவது, நடுவர் இல்லை. சோழனுக்கும் வேளுக்கும் பிணக்கு நேர்ந்தால் இருவர்க்கும் பொதுவாக அமர்ந்து தீர்ப்புரைப்பார் எவரும் இலர். மூன்றாவது, மக்கள் ஒப்புதல் இல்லை. கோனாட்டு உழவனுக்கு வரி யார் பெயரால் வாங்கப்பட்டாலும் வரியே. வேளின் உரிமை குறைந்தபோது அது தன் உரிமை என அவன் எண்ணுதற்கு இடமில்லாதிருந்தது.

அதே நிலம் பிற்காலத்தில் இப்பாடத்தை மீண்டும் ஒருமுறை கண்டது. ஆங்கிலேயர் காலத்துப் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர் ஆளும் சமஸ்தானமாயிருந்தது. அதற்கெனச் சட்டசபையும் நீதிமன்றங்களும் இருந்தன. அம்மன் காசு என்னும் சிறு செப்புக்காசினைத் தன் பெயரால் வழங்கும் உரிமையும் இருந்தது. காசு அடிக்கும் அரசு தன்னுரிமை அரசே என எண்ணத் தோன்றும். ஆனால் 1915 இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை மணந்தாராக, அவர்தம் மகனுக்கு அரசுரிமை உண்டென ஆங்கிலேயர் ஏற்றிலர். 1928 இல் மன்னர் மறைந்தபின் அக்குடியிற் பிறந்த ஆறு வயதுச் சிறுவரையே அரியணையில் அமர்த்தினர். காசு மன்னருடையது, அடுத்த மன்னர் யார் என்னும் தீர்மானம் ஆங்கிலேயருடையது. 1948 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கிற்று. 1974 இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.

பூதிக்கு இல்லாத மூன்று காவல்களும் இக்காலத்து நமக்கு உள. 1950 ஜனவரி 26 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியலாக வகுத்தது. முதற்கண் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. படையும் நாணயமும் அயல்நாட்டுறவும் ஒன்றியத்திற்கு. காவலும் நிலமும் உழவும் மாநிலத்திற்கு. பொதுப்பட்டியலில் இரு சட்டங்கள் முரணுமாயின், குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் ஒழிய, ஒன்றியச் சட்டமே மேற்செல்லும். இது எழுத்து. பிணக்குத் தீர்க்க உச்சநீதிமன்றம் உளது. மாநில அரசுகளை எளிதிற் கலைத்தல் கூடாதென 1994 இல் பொம்மை வழக்கில் அது வரையறை செய்தது. இது நடுவர். இரு அரசுகளையும் தேர்ந்தெடுப்பவர் குடிகளே. இது மக்கள் ஒப்புதல்.

எழுத்து இருந்தமையால் மட்டும் அமைதி கொள்ளற்கில்லை. 1976 இல் இயற்றப்பட்ட 42 ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நாம் இதனைச் சிறிய மாற்றமெனக் கருதல் இயலாது. எந்நூலைக் கற்பித்தல், எத்தேர்வினை நடத்தல் என்பன ஊரறிந்தவர் கையினின்று நழுவுங்கால் முதலில் உணர்வது வகுப்பறையே. அதன் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். ஓர் எல்லைக்குள் மட்டும் தீராத ஆற்றுநீர் வழக்குகளும், எளிய மாநிலத்திற்குப் பொருள் பகிர்தலும் பொதுவான ஓர் அரசினாலன்றி நடைபெறா. அரசியலமைப்பின் 280 ஆம் விதி நிதிக்குழுவினை அமைத்தது அதன்பொருட்டே. தமிழக அரசு 1969 இல் இராசமன்னார் குழுவினை நிறுவியதும், இந்திய அரசு 1983 இல் சர்க்காரியா குழுவினை நிறுவியதும் இவ்விரண்டனையும் துலாக்கோலில் வைத்து நிறுத்தற்கேயாம். எழுதப்பட்ட பங்கு அவ்வப்போது மீண்டும் நிறுக்கப்படல் வேண்டும். நிறுப்பவர் உறங்கினால் கோல் சாயும்.

இனி நம் சங்கத்து அன்பர்கட்கு ஒரு சொல். பூதி விக்கிரமகேசரி தங்கள் குலத்தவன் என உரிமை கொண்டாடுவார் இந்நாளில் ஒரு வகுப்பினர் மட்டும் அல்லர். அதுபற்றி இளைஞர் சிலர் பிற வகுப்பினரொடு வாதிட்டுப் பகை வளர்த்தலைக் காணுங்கால் நம் உள்ளம் வருந்துகின்றது. யது, வேள், இருக்குவேள் எனக் கல்வெட்டுக் கூறுவனவற்றினின்று இக்காலத்துச் சாதிப் பெயர் ஒன்றினை இழுத்துப் பெறுதல் ஆராய்ச்சி நெறியன்று. அவன் எவர்க்கு முன்னோனாயினும் ஆகுக. ஐம்பதின்மர் உண்ணப் பதினோரு ஊர் ஈந்த அவனது கையை நினைத்து நம் சங்கத்து மாணவர் உண்டிச்சாலைக்கு ஒரு மூட்டை நெல் அனுப்புவாரே அவன் வழியினர் ஆவர். அவன் குடி இழந்ததை எண்ணித் தம் ஊராட்சிக் கூட்டத்திற்குத் தவறாது சென்று, குளத்துக் கணக்கையும் வரிக்கணக்கையும் கேட்பாரும் அவன் வழியினரே ஆவர். 1992 இல் நிறைவேறிய 73 ஆம் திருத்தம் ஊராட்சிகட்கு உறுதி அளித்தும், அக்கூட்டங்களில் நம்மவர் பலர் தலைகாட்டாமை நாடறிந்த செய்தி. டில்லி நமக்குத் தரவேண்டியதைக் கேட்குமுன், நம் ஊரில் நமக்கு ஏற்கெனவே தரப்பட்டதைக் கைக்கொள்வோமாக.

மதுரைக்குச் செல்லும் அன்பர்கள் விராலிமலையைக் கடந்ததும் சிறிது நின்று கொடும்பாளூர் சென்று வருக. மூவர் கோயிலில் இப்பொழுது நிற்பன இரண்டு தளிகளே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுளது. மேற்கு நோக்கிய அத்தளிகளைத் தொல்லியல் துறையினர் காத்து வருகின்றனர். உடன் வரும் சிறுவர்க்கு நடுத்தளிச் சுவரில் உள்ள எழுத்துக்களைக் காட்டி, அக்கொடையில் ஐம்பதின்மர்க்கு உணவு உண்டு, ஆனால் ஒரு பேரரசன் பெயரும் இல்லை என்பதனை எடுத்துரைக்க. அதன் காரணத்தை அவர்களே வினவுவர்.